பாற்சொற்களும் தன்னடையாளமும்: தமிழ் இலக்கணம் காட்டும் வழி

தமிழிலே ஒருவர் தம்மைப் பற்றிப் பேசும்போது, தாம் ஆணா பெண்ணா என்பதைத் தம்முடைய வினைச்சொல்லால் வெளிப்படுத்துவதில்லை. 'நான் வந்தேன்' என்று ஆணும் சொல்லலாம், பெண்ணும் சொல்லலாம். 'நீ வந்தாய்' என்று முன்னிலையிலே கூறும்போதும் அவ்வாறே. தன்மை வினைமுற்றும் முன்னிலை வினைமுற்றும் பால் காட்டா. படர்க்கைக்கு வரும்போதுதான் 'வந்தான்', 'வந்தாள்' என்று வினையின் ஈற்றிலே பால் வந்து நிற்கின்றது. ஆகவே, தமிழைப் பொறுத்தவரையில் ஒருவருடைய பால் பெரும்பாலும் மற்றவர் வாயிலேதான் தங்கியிருக்கின்றது எனலாம்.

எல்லா மொழிகளும் இத்தகையன அல்ல. இந்தி மொழியிலே 'நான் போகிறேன்' என்பதை ஆண் ஒரு விதமாகவும் பெண் வேறொரு விதமாகவும் சொல்லவேண்டும். அங்கே தன்மை வினையிலேயே பால் உண்டு. ஆணாகப் பதியப்பட்டுப் பின்னர் பெண்ணாக வாழத் தலைப்படும் ஒருவர், அம்மொழியில் தம் வினைமுற்றை மாற்றியே தம்மை அறிவித்துவிடலாம். ஆங்கிலத்திலே வினை பால் காட்டாது. சுட்டுப்பெயர் மட்டுமே காட்டும். ஆதலால் அங்கே பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சமாளிக்க இடமுண்டு. தமிழிலோ பெயரைச் சொன்னாலும் தப்பிக்க முடியாது. பெயருக்குப் பின்னே வரும் வினை 'ஆன்' என்றோ 'ஆள்' என்றோ முடிந்தே தீரவேண்டும்.

இந்த நிலையில், பிறப்பிலே ஆண் என்றோ பெண் என்றோ பதியப்பட்ட ஒருவர், தம்முடைய உள்ளுணர்வின்படி மறுபாலராக வாழத் தொடங்கும்போது அவரை எப்படிச் சுட்டுவது? எந்த நாளிலிருந்து 'அவன்' 'அவள்' ஆகிறது? அல்லது 'அவள்' 'அவன்' ஆகிறது? உடையும் பெயரும் மாறிய அன்றா, சத்திரசிகிச்சை முடிந்த அன்றா, பிறப்புச் சான்றிதழ் திருத்தப்பட்ட அன்றா? இக்கேள்வி மேல்நாட்டிலிருந்து அண்மையிலே வந்திறங்கிய ஒன்று என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். நம்முடைய இலக்கண நூல்களைப் புரட்டிப் பார்த்தால் அவ்வெண்ணம் சரியன்று என்பது புலனாகும். இன்றைய உரையில் அந்த வரலாற்றையே சிறிது நோக்குவோம்.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதலியலாகிய கிளவியாக்கத்திலே, உலகத்துப் பொருள்களை உயர்திணை, அஃறிணை என இரண்டாகப் பகுக்கின்றார். உயர்திணையிலே ஆண்பால், பெண்பால், பலர்பால் எனச் சொற்கள் மூன்று வகைப்படும் என்கின்றார். அஃறிணையில் ஒன்றன்பால், பலவின்பால் என இரண்டு. ஆக, பால் ஐந்து. இந்த ஐந்தையும் வகுத்து முடித்த கையோடு, நான்காம் சூத்திரத்திலேயே அவர் எடுத்துக்கொள்ளும் பொருள் வியப்புக்குரியது. ஆண்மையிலிருந்து திரிந்து பெண்மையை நோக்கி நிற்போரைக் குறிக்கும் பெயர்களையும், தெய்வங்களைக் குறிக்கும் பெயர்களையும் ஒரே சூத்திரத்தில் வைத்துப் பேசுகின்றார். இவர்களுக்கெனத் தனியான விகுதி எதுவும் மொழியில் இல்லை. உயர்திணைக்குரிய பால் விகுதிகளையே இவர்கள் கொள்வர் என்பது அச்சூத்திரத்தின் கருத்து.

இங்கே இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கன. ஒன்று, இத்தகையோர் உயர்திணையைச் சேர்ந்தவர் என்பதிலே தொல்காப்பியருக்கு ஐயம் எதுவும் இருக்கவில்லை. மற்றொன்று, இவர்களுக்கு அவர் தேடிய துணை தெய்வம். தெய்வமும் மனிதரின் ஆண், பெண் வகுப்புக்குள் இயல்பாக அடங்காத ஒன்று. ஆயினும் 'தேவன் வந்தான்', 'தேவி வந்தாள்' என்று மனிதருக்குரிய விகுதிகளையே ஏற்கின்றது. அதுபோலவே 'பேடி வந்தாள்' என வழங்கும் என்று உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். பின்னர் அதே இயலில் வேறொரு சூத்திரத்தால், ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயர் ஆண்பாற் சொல்லை ஏற்காது என்றும் தொல்காப்பியர் வரையறுக்கின்றார். பிறந்தபோது ஆணாகக் கருதப்பட்டவர் என்பது அங்கே கணக்கில் எடுக்கப்படவில்லை.

தொல்காப்பியரின் காலம் பற்றி அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் நன்னூல் ஆசிரியர் பவணந்தி முனிவரின் காலம் ஓரளவு தெளிவானது. மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்திலே, சீயகங்கன் என்னும் சிற்றரசனின் வேண்டுகோளுக்கிணங்கி நன்னூல் இயற்றப்பட்டது. அதாவது 12ஆம் நூற்றாண்டின் இறுதியும் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கமும். தொல்காப்பியர் ஒரு திசை மாற்றத்தை மட்டுமே வெளிப்படையாகச் சொல்லியிருக்க, பவணந்தியார் இரு திசைகளையும் சொல்கின்றார். பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புபவர் ஆண்பால்; ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புபவர் பெண்பால் என்பது அவருடைய விதி. இன்று நாம் திருநம்பி, திருநங்கை என்று அழைக்கும் இரு சாராரும் அவருடைய ஒரே சூத்திரத்திலே இடம்பெற்றுவிட்டனர்.

அச்சூத்திரத்தில் பவணந்தியார் ஆளும் வினை 'அவாவுதல்' என்பதாகும். அவா என்பது உள்ளத்தின் தொழில். இன்ன உறுப்பு உடையார், இன்ன உறுப்பு இல்லார் என்று அவர் வகுக்கவில்லை. எதனை விட்டார், எதனை விரும்பினார் என்பதையே பாலுக்கு அளவுகோலாக வைக்கின்றார். உயர்தர வகுப்பிலே இப்பகுதியைக் கற்பித்த ஒருநாள், மாணவி ஒருத்தி எழுந்து, "அப்பிடியெண்டால் சேர், ஆளிட்டக் கேட்டுத்தான் அவன் எண்டோ அவள் எண்டோ சொல்லவேணுமெண்டு பவணந்தியார் சொல்லுறாரோ?" என்று கேட்டாள். சூத்திரத்தை நேராகப் பொருள்கொண்டால் அந்த விடைக்குத்தான் வந்துசேர வேண்டும். ஒருவர் எதை அவாவுகின்றார் என்பதை அவரைத் தவிர வேறு யார் அறிவார்?

ஆயினும் உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும். அதே சூத்திரத்தின் இறுதியிலே, இவ்விரு சாராரும் அஃறிணை போன்றும் வழங்கப்படுவர் என்று பவணந்தியார் ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கின்றார். 'பேடு வந்தது' என்று சொல்வதும் அக்கால வழக்கில் இருந்திருக்கவேண்டும். இலக்கணகாரர் வழக்கைப் பதிவுசெய்பவர். பதிவுசெய்தபோது மதிப்பையும் இழிப்பையும் சேர்த்தே பதிவுசெய்துவிட்டார்.

இலக்கியங்களிலும் இந்த இரு முகங்களைக் காண்கின்றோம். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையிலே மாதவி ஆடிய பதினொரு ஆடல்களுள் பேடு என்பதும் ஒன்று. தன் மகன் அநிருத்தனைச் சிறைமீட்கக் காமன் பேடி உருவங்கொண்டு ஆடியது அது. தெய்வமாகிய ஆண் பெண்மை உருக்கொண்டு ஆடிய கூத்தை மானிடப் பெண்ணொருத்தி ஆடுகின்றாள். சபை அதனைக் கலையாக ஏற்றுக் கண்டுகளிக்கின்றது. மணிமேகலையிலே புகார் வீதியில் பேடிக்கோலக் கூத்தைச் சூழ்ந்து பார்ப்போர் காட்டப்படுகின்றனர். விராட நகரிலே பேடியாகிய விசயனைக் காணக் கூடிய கூட்டமும் அங்கே உவமையாக நினைவூட்டப்படுகின்றது. மறுபுறத்திலே, திருக்குறள் இரண்டு இடங்களில் பேடியின் கையிலுள்ள வாளைப் பயனின்மைக்கு உவமையாக்குகின்றது. நாலடியாரோ அலியாகப் பிறந்து ஆடிப் பிழைப்பதைப் பிறன்மனை விழைந்தவனின் மறுபிறப்புத் தண்டனையாகச் சொல்கின்றது. கூத்தரங்கிலே போற்றப்பட்டவர் அறநூலிலே இகழப்பட்டார். இலக்கணத்திலே பெண்பால் பெற்றவர் தெருவிலே வசைச்சொல்லானார். 'பேடி', 'அலி' என்னும் சொற்கள் இன்று யாரையும் மதித்து அழைக்க உதவாத நிலைக்கு வந்தது இவ்வழியாகவே.

இந்த இலக்கணங்கள் அச்சேறி நம் கைக்கு வந்ததிலே ஈழத்தவரின் பங்கு பெரிது. நன்னூலுக்குக் காண்டிகையுரை செய்தும் அதன் விருத்தியுரையைப் பதிப்பித்தும் மாணாக்கர் உலகுக்கு அளித்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர் (1822-1879). தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் 1868இல் பதிப்பித்தவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. அவ்வுரைக்கு விளக்கக் குறிப்பெழுதி 1938இல் வெளிவரச் செய்தவர் புன்னாலைக்கட்டுவன் வித்துவசிரோமணி கணேசையர். சைவ ஒழுக்கத்திலே கண்டிப்பு மிக்க இப்பெரியார்கள், பேடியைப் பற்றிய சூத்திரங்களை அருவருத்து ஒதுக்கவில்லை. மற்றைய சூத்திரங்களைப் போன்றே பொருளுணர்ந்து பதிப்பித்தனர். நம்முடைய கல்லூரிகளிலே தலைமுறை தலைமுறையாக இவை பாடஞ்சொல்லப்பட்டு வந்துள்ளன. பாடத்திலே கற்றதை வாழ்க்கையிலே பொருத்திப் பார்க்கத்தான் நாம் பழகவில்லை.

இன்னும் சில விதிகள் இவ்விடத்தில் நினைவுகூரற்பாலன. தூரத்திலே தோன்றும் உருவம் ஆணா பெண்ணா என்று துணிய முடியாதபோது என்ன சொல்வது என்ற கேள்வியைத் தொல்காப்பியர் எழுப்பி, பால் ஐயம் உள்ள இடத்திலே பன்மையாற் கூறுக என்று விடை தருகின்றார். தெரியாதபோது ஊகித்து 'அவன்' என்றோ 'அவள்' என்றோ அடித்துச் சொல்லாமல் பலர்பாலிற் சொல்வதே வழுவில்லாத பேச்சு. 'ஒருவர்' என்னும் சொல்லைப் பற்றியும் அவர் தனியே சொல்கின்றார்: அது பொருளால் ஒருமை, ஆண், பெண் இருபாலுக்கும் உரியது, ஆயினும் பன்மை வினை கொள்ளும். நன்னூலாரும் இதனை வழிமொழிகின்றார். பால் காட்டாத ஒருமைச் சொல் ஒன்று தமிழிலே அத்துணைக் காலமாக இருந்துவருகின்றது.

மதிப்புக் கருதி ஒருவரையே 'அவர்' என்று பன்மையாற் கூறுவதைப் பற்றித் தொல்காப்பியர் சொல்வது மேலும் சுவையானது. அது வழக்கிலே வந்த உயர்சொல். இலக்கண முறைப்படி அமைந்ததன்று என்கின்றார். அதாவது, இன்று நாம் ஆசிரியரையும் மருத்துவரையும் குறிக்கத் தயங்காமற் பயன்படுத்தும் 'அவர்' என்னும் ஒருமை வழக்கு, ஒரு காலத்தில் இலக்கணத்துக்குப் புறம்பானதாகக் கருதப்பட்டது. மக்கள் மதிப்புக் காட்ட விரும்பினர். மொழி வளைந்து கொடுத்தது. இலக்கணம் பின்னாலே வந்து ஏற்றுக்கொண்டது. சுட்டுப்பெயரை மாற்றினால் மொழி கெட்டுவிடும் என்று அஞ்சுவோர் இந்த வரலாற்றை நினைத்துப் பார்த்தல் நல்லது.

ஆங்கிலத்திலும் இதையொத்த ஒன்று நடந்தது. 'அவர்கள்' என்னும் பொருள்தரும் 'தே' என்னும் சொல்லைப் பால் தெரியாத ஒருவருக்கு வழங்குதல் 14ஆம் நூற்றாண்டிலிருந்தே அம்மொழியில் உண்டு. ஆண், பெண் என்ற இரண்டிலும் தம்மை அடக்காதவருக்கும் அது உரியது என்னும் பொருளை மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2019இல் ஏற்று, அவ்வாண்டின் சொல்லாகவும் அதனைத் தெரிவுசெய்தது. சுவீடன் நாட்டவரோ 'ஹென்' என்னும் பொதுச் சுட்டுப்பெயரை 2015இல் தம் கலைக்கழக அகராதியிலே சேர்த்துக்கொண்டனர். நம் அயலிலே, சிங்களப் பேச்சுவழக்கில் 'எயா' என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாகவே வழங்குகின்றது.

அப்படியாயின் எல்லோரையும் 'அவர்' என்று சொல்லிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமா? எழுத்திலே பெரும்பாலும் தீரும். யாழ்ப்பாணப் பேச்சிலே தீராது. நம்முடைய பேச்சிலே 'அவர் வந்திட்டார்' என்றால் அது மதிப்புக்குரிய ஆண். மதிப்புக்குரிய பெண்ணானால் 'அவா வந்திட்டா' என்போம். இளையோரையும் நெருங்கியோரையும் 'அவன்', 'அவள்' என்போம். 'அவை வருகினம்' என்றால் பலர். எழுத்துத் தமிழிலே பொதுவாக நிற்கும் 'அவர்' நம் முற்றத்திலே வந்தவுடன் ஆணாகிவிடுகின்றது. எனவே, பெண்ணாக வாழும் ஒருவரை மரியாதை என்று எண்ணிக்கொண்டு 'அவர்' என்று பேச்சிலே சொன்னால், அவரை மீண்டும் ஆணாக்குவதாகவே அது முடியும். அவருக்கு வேண்டியது 'அவா'.

அஃறிணை முடிபும் நம் பேச்சிலே உண்டு. 'பிள்ளை சாப்பிட்டுதோ?' என்று தாய் கேட்கின்றாள். 'ஆள் வந்திட்டுது' என்று நண்பர்கள் பகிடியாகச் சொல்கின்றனர். இங்கெல்லாம் அது அன்பின் வெளிப்பாடு. உவப்பினாலும் உயர்வினாலும் சிறப்பினாலும் சினத்தினாலும் இழிவினாலும் திணையும் பாலும் மயங்கி வரும் என்று நன்னூலார் கூறியது இத்தகைய வழக்குகளையே. வாயில் வரும் விகுதி ஒன்றுதான். அதன் பின்னே நிற்கும் மனம் உவப்பா இழிப்பா என்பதிலேதான் வேறுபாடு.

சில ஆண்டுகளுக்கு முன்னர், என்னிடம் தமிழ் கற்றுச் சென்ற பழைய மாணவர் ஒருவர், இப்போது பெண்ணாக வாழ்பவர், தம்முடைய பத்திரம் ஒன்றைத் திருத்துவிக்க ஓர் அலுவலகத்துக்குச் செல்லவேண்டியிருந்தது. துணைக்கு நானும் போனேன். வேண்டிய கடிதங்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. அவற்றை வாங்கிப் பார்த்த எழுதுவினைஞர், உள்ளே இருந்த அதிகாரியின் பக்கம் திரும்பி, "அண்டைக்கு வந்த அது திரும்ப வந்து நிக்குது" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தனர். வேலை நடந்து முடிந்தது. குறை சொல்ல எதுவும் இல்லை. வெளியே வந்தபின், "அவன் எண்டு சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பன், சேர்" என்று மட்டும் அவர் சொன்னார்.

இலக்கணம் படித்தவர் ஆதலால் அவருக்கு வேறுபாடு தெரிந்திருந்தது. பெண்ணை 'அவன்' என்பது பால்வழு. மனிதரை 'அது' என்பது திணைவழு. முன்னையது இருக்கும் வீட்டுக்குள் அறை மாற்றி வைப்பது. பின்னையது வீட்டை விட்டே வெளியேற்றுவது. தொல்காப்பியர் உயர்திணையிலே உறுதியாக இருத்திய ஒருவரை அலுவலக மேசையொன்றிலே அஃறிணைக்குத் தள்ள ஒரு நொடி போதுமானதாக இருந்தது.

சட்டமும் சொல்லும் அண்மைக் காலத்தில் சற்றே அசைந்துள்ளன. தமிழ்நாட்டிலே கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவுடன் தொடர்புபட்டு, அரவான் பெயரால் 'அரவாணி' என்னும் சொல் முதலில் எழுந்தது. அங்கு 2008இல் இவர்களுக்கென நலவாரியம் அமைக்கப்பட்டபோதும் அந்தப் பெயரே வழங்கியது. பின்னர் 'திருநங்கை' என்பதும், மறுதிசையினருக்குத் 'திருநம்பி' என்பதும் நிலைபெற்றன. ரேவதி தொகுத்த 'உணர்வும் உருவமும்' என்னும் நூல் 2005இல் வெளிவந்து, இவர்களுடைய வாழ்க்கையை இவர்கள் வாய்மொழியாகவே தமிழ் வாசகர் முன் வைத்தது. ஒருவர் தம்முடைய பாலைத் தாமே தீர்மானிக்கலாம் என்று 2014 ஏப்ரலிலே இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருமணச் சட்டத்தில் வரும் மணமகள் என்ற சொல் திருநங்கையையும் உள்ளடக்கும் என 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கூறியது. பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜ் அதே ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

நம் நாட்டிலே 2016இல் சுகாதார அமைச்சின் சுற்றுநிருபமொன்றின் வழியாகப் பாலின அங்கீகாரச் சான்றிதழ் நடைமுறைக்கு வந்தது. மருத்துவ மதிப்பீட்டின் பின் வழங்கப்படும் அச்சான்றிதழைக் கொண்டு பிறப்புப் பதிவிலே பெயரையும் பாலையும் திருத்துவிக்கலாம். இது பெரிய முன்னேற்றமே. ஆனால் பதிவேட்டிலே பால் மாறுவதற்கு ஒரு படிவம் உண்டு; அயலவர் வாயிலே மாறுவதற்குப் படிவம் இல்லை. படர்க்கை வினை சுற்றுநிருபத்துக்குக் கட்டுப்படாது.

எஞ்சியிருப்பது ஒரு கேள்வி. மாற்றத்துக்கு முந்திய காலத்தைப் பற்றிப் பேசும்போது என்ன சொல்வது? இன்று 'அவா' என்று நாம் சுட்டும் ஒருவர், பத்து வயதிலே மரத்தால் விழுந்து கை முறித்த கதையைச் சொல்லும்போது, 'அவன் விழுந்தான்' என்பதா, 'அவள் விழுந்தாள்' என்பதா? பெற்றோர் பலர் இந்த இடத்திலே தடுமாறுகின்றனர். அவர்கள் மனத்திலே இருக்கும் பிள்ளை ஒரு பாலாகவும் முன்னே நிற்கும் பிள்ளை வேறொரு பாலாகவும் இருப்பதால் எழும் தடுமாற்றம் அது. அதனை வன்மம் என்று கொள்ளுதல் தகாது. இருபது வருடம் அழைத்த பழக்கம் ஒரு வாரத்தில் மாறாது.

நம்முடைய கதைமரபு இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றது. பாரதக்கதை சொல்வோர், அம்பை பிறவி மாறிச் சிகண்டியானதைச் சொல்லும்போது 'அவள்' என்று தொடங்கி 'அவன்' என்று செல்கின்றனர், கேட்போர் குழம்புவதில்லை. ஆனால் உயிரோடு நம்முன் நிற்பவர் கதாபாத்திரம் அல்லர். தம் பழைய நாளைத் தம் இன்றைய பாலினாலேயே சொல்லவேண்டும் என்று விரும்புவோரும் உளர். முன்னது முன்னதாகவே இருக்கட்டும் என்போரும் உளர். இரண்டிலும் எது என்பதைச் சொல்ல உரிமையுள்ளவர் அந்த வாழ்க்கையை வாழ்ந்தவரே. அதற்கும் பவணந்தியாரின் 'அவாவுதல்' என்ற சொல்லே பொருந்தும்.

பவணந்தியார் இவர்களுக்கு உரிமை வாங்கிக்கொடுக்க நூல் செய்தவர் அல்லர். தம் காலத்துத் தமிழர் எவ்வாறு பேசினர் என்று கேட்டு, அதிலே ஒழுங்கைக் கண்டு எழுதிவைத்தார். அவர் கேட்ட அந்தப் பேச்சிலே, பெண்மையை நாடிச் சென்றவரைப் பெண்பாலாலும் ஆண்மையை நாடிச் சென்றவரை ஆண்பாலாலும் சுட்டும் வழக்கு இருந்தது என்பதற்கு நன்னூலே சான்று. அதே பேச்சிலே 'அது' என்னும் இழிப்பும் இருந்தது. இரண்டும் நமக்கு முதுசமாக வந்தவைதாம். எந்தப் பாதியை எடுத்துப் புழங்குவது என்பதைத் தெரிவு செய்யவேண்டியவர்கள் இன்று தமிழ் பேசும் நாம். அடுத்த முறை இத்தகைய ஒருவரைப் பற்றிப் பேச நேரும்போது, எந்த விகுதி என்று ஐயம் வந்தால், அவரையே கேட்டுவிடலாம். கேட்பதற்கு வேண்டிய 'நீங்கள்' என்னும் முன்னிலைச் சொல்லிலே பால் இல்லை.